பிரிமணை இல்லாத ஊர்

பாண்டியிலிருந்து பிரான்சுக்கு வந்திறங்கிய குடும்பத்தில் முதல் சண்டை பெரும்பாலும் மேசையால்தான் வரும். ஊரில் சிமெண்டு மேடையும் கடப்பாக்கல்லும் எதை வைத்தாலும் தாங்கும். அந்தப் பழக்கத்தில் குக்கரை இறக்கி அப்படியே வைத்துவிடுவோம். இங்கே வாடகை வீட்டோடு வரும் மேசை மரத்தூளை அழுத்தி மேலே தாள் ஒட்டினது. குக்கர் அடி அளவுக்கு வெள்ளை வட்டம் விழும். காலி செய்யும் நாளில் அந்த வட்டத்துக்கும் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பிரெஞ்சு வீடுகளில் இதற்கு ரெண்டு சாமான் உண்டு. கையில் பிடிக்க மானிக், பாத்திரத்துக்கு அடியில் தெசு-த-ப்ளா. நம்ம கணக்கில் கரித்துணியும் பிரிமணையும். பருத்தி நூலில் கெட்டியாகக் குரோஷா, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், போட்டால் ஒன்றே ரெண்டுக்கும் ஆகும்.

நூலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவாய், பளபளவென்று கிடைப்பது அநேகமாக அக்ரிலிக். சூட்டில் இளகி சட்டி அடியிலும் விரலிலும் ஒட்டும். சீட்டில் 100 சதம் பருத்தி என்று இருக்க வேண்டும். சீட்டுக் கிழிந்த உருண்டை என்றால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாய் உதிரும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கறுப்பு மணியாய்க் கெட்டிப்படும். (இந்த ஊருக்கு இடுக்கியே தேவையில்லை என்று சொல்கிறவர் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.)

ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய லேஸ் ஊசி இதற்கு ஆகாது. தடித்த பருத்தி நூல், 4 மி.மீ. ஊசி.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருவோம், பின்னலில் ஊசியால் இழுத்துப் போடும் ஒவ்வொரு கண்ணியின் பெயருக்கு. கடலூரும் பாண்டியும் கூப்பிடு தூரம். ஆனால் 1690-இல் ஆங்கிலேயர் புனித டேவிட் கோட்டையை வாங்கி அங்கே உட்கார்ந்தார்கள், பாண்டியில் பிரெஞ்சுக்காரர். இங்கிலீஷ் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற கை ஒரு பெயர் சொல்லும், பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற கை வேறு பெயர் சொல்லும். போதாததற்கு இப்போது அமெரிக்க வீடியோ.

பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள் குரோஷே' என்பது குட்டைக் கண்ணி. அதே கண்ணிக்கு அமெரிக்காவில் 'சிங்கிள் குரோஷே' என்று பெயர். அமெரிக்கரின் 'டபுள்' என்பதோ, நூலை ஊசியில் ஒரு தரம் சுற்றிவிட்டுப் போடும் நெட்டைக் கண்ணி. பிரிட்டிஷாருக்கு அது 'ட்ரெபிள்'. பழைய பிரிட்டிஷ் குறிப்பில் 'டபுள்' என்று படித்துவிட்டு வீடியோவில் பார்த்த டபுளைப் போட்டால் வேலை மளமளவென்று ஓடும், பார்க்கவும் அழகாயிருக்கும், ஆனால் கண்ணிக்குக் கண்ணி சந்து. கொதிக்கிற ரசச் சட்டியை அதால் பிடித்தால் சூடு சந்து வழியே நேரே விரலுக்கு வரும். பருத்தி சூடு தாங்காது என்று நூலைத் திட்டுகிறவர்களில் பலர் திட்ட வேண்டியது இந்தப் பெயரை. பிரெஞ்சுக்காரர் இந்த ஒரு விஷயத்தில் நேர்மை: குட்டைக் கண்ணிக்கு 'மாய் செர்ரே' என்று பெயர். இறுக்கின கண்ணி. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஊசி எண்ணிலும் இதே கூத்து. 5 மி.மீ. ஊசி அமெரிக்காவில் எச்-8, பழைய பிரிட்டிஷ் கணக்கில் 6. மில்லிமீட்டரை மட்டும் நம்புங்கள்.

போடுவதற்குச் சுலபம் மடக்குச் சதுரம். முதலில் 41 சங்கிலிக் கண்ணி, சுமார் 25 செ.மீ. வரும். சங்கிலியை இறுக்கிப் போட்டால் நடுவில் இடுப்புப் பிடிக்கும், கொஞ்சம் தளர விடுங்கள். ஊசிக்கு அடுத்ததை விட்டு 40 இறுக்கின கண்ணி. திருப்பாமல், சங்கிலியின் அடிப்பக்கத்தில் இன்னொரு 40. அப்புறம் சுற்றை மூடாமல் முறுக்குப் பிழிகிற மாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். முனைகளில் கண்ணி கூட்டக்கூடாது. கூட்டினால் விரிந்து தட்டாகிவிடும், மடங்காது. பை மாதிரி எழும்பி வரும். உயரம் 12.5 செ.மீ., அதாவது சங்கிலி நீளத்தில் பாதி வந்ததும், வாயின் முன்பக்க நடுவையும் பின்பக்க நடுவையும் பிடித்து எதிரெதிரே இழுங்கள். இடமும் வலமும் நடுவில் வந்து சேர்ந்து, இரட்டைத் துணியாய் ஒரு சதுரம், வாய் மூலைக்கு மூலை குறுக்கே. பக்கம் 17.5 செ.மீ. இருக்கும். விளிம்பு எட்டவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்று, ஏறிக்கொண்டால் பிரிக்க வேண்டும். அதே பருத்தி நூலால் தைத்து, மூலையில் 12 சங்கிலியில் ஒரு காது. பாலியெஸ்டர் நூலால் தைத்தால் அந்த ஒரு கோடு மட்டும் உருகும். 50 கிராம் உருண்டை கடைசிச் சுற்றில் கைவிடக்கூடும், இரண்டாய் வாங்குங்கள்.

வெந்நீர்ச் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அதுவும் நல்லதுக்குத்தான், இன்னும் இறுகும். அடர்ந்த நீலத்தை முதல் தடவை தனியாகத் துவையுங்கள். நீலம் எப்படிச் சாயம் விடும் என்று நம்ம ஊருக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒரு காலத்தில் பாண்டியில் நீலமேற்றிய 'கினே' துணி பிரெஞ்சுக் கப்பலில் செனகல் வரை போயிருக்கிறது.

ஈரத்தோடு மட்டும் தொடாதீர்கள். சூட்டைத் தடுப்பது நூலிடையே இருக்கும் காற்று. தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். குளிர்காலத்தில் இரட்டைத் துணி லேசில் உலராது, ரேடியேட்டர் மேல் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மொட்டைமாடிக் கொடியில் போட்டு, கீழே போய் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மொறமொறவென்று காய்ந்திருக்கும் சித்திரை வெயில் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

இதெல்லாம் தட்டை அடிப் பாத்திரத்துக்கு. மீன் குழம்பு மண்சட்டியைச் சதுரத்தில் வைத்தால் ஆடும். அதற்குப் பிரிமணைதான். 8 மி.மீ. பருத்திக் கயிறு இரண்டரை மீட்டர், நைலான் வேண்டாம். உள்வட்டம் 10 செ.மீ. இருக்கும்படி ஆறு சுற்று சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வளையத்தின் உள்ளே ஊசியை விட்டு நூலை இழுத்து, கயிற்றை மூடியபடி இறுக்கின கண்ணியாய்ப் போட்டு வாருங்கள். வெளிப்பக்கம் கயிறு எட்டிப் பார்க்கும். கண்ணிகளை விரலால் நெருக்கித் தள்ளி இன்னும் போட வேண்டும். முடிந்ததும் காலிச் சட்டியை வைத்துப் பாருங்கள். அடி மேசையைத் தொட்டால் வட்டம் பெரிசு. ஆடினால் சுருள் ஒரே மட்டத்தில் இல்லை. இரண்டும் இல்லையென்றால் குழம்பை இறக்கலாம். பாகூர்ப் பக்கம் அறுப்பு வைக்கோலில் முறுக்கினது சட்டி உட்காரும்போது போடுமே ஒரு கறகற, அது மட்டும் இதில் வராது.