பச்சமாமாவுக்குப் பசிக்கும் மாதம்

ஆகஸ்ட் பிறந்தால் பூமித்தாய் பச்சமாமா வாய் திறக்கிறாள் என்பது ஆண்டீஸ் மலைமக்களின் நம்பிக்கை. விதைப்புக்கு முன் அவளுக்குச் சாப்பாடு போட வேண்டும். பெருவின் கூஸ்கோ பக்கம் இந்தப் படையலுக்கு டெஸ்பாச்சோ என்று பெயர்.

வெள்ளைத் தாளை விரித்து அதில் கோக்கா இலைகளை வைப்பார்கள். கொக்கெய்ன் எடுக்கப்படும் செடியின் இலைதான் இது. கவனம் தேவைப்படுவது இங்கேதான். நல்ல இலை மூன்று சேர்ந்தால் ஒரு கிந்து. கிழிசல், ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். பளபளப்பான பக்கம் தெரிய, காம்பை விரல்நுனியில் பிடித்து, வாயருகே கொண்டுபோய், அவுசங்காத்தே போன்ற பனிமலைகளின் பெயர் சொல்லி மெல்ல ஊதுவார்கள். வேண்டுதலைச் சுமப்பது அந்த மூச்சுதான். இதைப் போதைச் சடங்கு என்று எழுதுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பெரும்பாலும் 12 கிந்து. கூடவே லாமா என்ற ஒட்டக இன விலங்கின் கொழுப்பு, மக்காச்சோளம், மிட்டாய், மேகத்தைக் குறிக்கக் கொஞ்சம் பஞ்சு.

பிறகு மடித்து, நூலால் கட்டித் தணலில் இடுவார்கள். எரியும்போது பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது. சாப்பிடுகிறவளை உற்றுப் பார்ப்பார்களா? சாம்பல் வெளுத்திருந்தால் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம்.

அதன்பின் சிச்சா, அதாவது மக்காச்சோளக் கள். அதிலும் முதல் துளிகள் மண்ணுக்குத்தான்.