மாமி கடலுக்கு வராததும் மச்சானின் கோபமும்

மாமியின் மகன், அதாவது என் மச்சான், தாயோடு அடிக்கடி சண்டை பிடிப்பது ஒரே விஷயத்துக்காகத்தான். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்கு எல்லோரும் பின்னேரம் பிள்ளைகளோடு போகிறார்கள், மாமி மட்டும் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. "இத்தனை வருஷமாச்சு, இன்னும் என்னம்மா பயம்?" என்பான். "நீங்க போங்க மனே, எனக்குத் தலையிடிக்குது" என்பது மாமியின் வழமையான பதில்.

மச்சான் நினைப்பது போல வருஷம் போகப் போகப் பயம் தானாகத் தேய்ந்துவிடாது. மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947இல் சொன்ன விளக்கம் இதற்கு நன்றாகவே பொருந்தும். முதலில் ஒரு இடத்தையோ சத்தத்தையோ ஆபத்தோடு சேர்த்துப் பழகிவிடுகிறோம். அதன்பிறகு அதை விட்டு விலகும் ஒவ்வொரு தடவையும் மனம் லேசாகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் விலகலுக்குக் கிடைக்கும் கூலி. கூலி கிடைக்கிற வேலையை யார் விடுவார்கள்? 1953இல் சொலமனும் வின்னும் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனையில், மின்னதிர்ச்சியை நிறுத்திய பிறகும் அவை, அதிர்ச்சி வரப்போகிறது என்று முன்பு காட்டிய அடையாளத்தைக் கண்டதும் தடுப்பைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டே இருந்தன. நின்று பார்த்தால்தானே அதிர்ச்சி வராது என்று தெரியும்!

இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2007இல் லண்டனில், கணினி விளையாட்டில் துரத்தும் எதிரியிடம் பிடிபட்டால் மின்னதிர்ச்சி என்று வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். எதிரி தூரத்தில் இருக்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டம் போடும் பகுதி கூடுதலாக வேலை செய்தது. கிட்ட வர வர வேலை நடுமூளைக்குப் போய்விட்டது, அது யோசிக்காது, ஓட வைக்கும் அல்லது உறைய வைக்கும். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்ரா பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது கரையோரச் சனம் விழுந்தடித்து ஓடியது. பெரிய அலை வரவில்லைதான், ஆனாலும் ஓடியது சரி. வீணாக ஓடினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதானே.

சரி, அப்போ பக்கத்து நாவலடி மீனவர்கள் எப்படித் திரும்பக் கடலுக்குப் போனார்கள்? வயிற்றுப்பாடு. போய்ப் போய் வந்ததில் பழைய பயம் அழிந்துவிடவில்லை, அதற்கு மேலே "இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற புதுப் பாடம் படிந்தது, அவ்வளவுதான். பழையது அடியில் அப்படியே கிடக்கிறது. இடமோ காலமோ மாறினால் திரும்பத் தலைதூக்கும். மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் இரையும்போது, மற்ற மாதங்களில் பேசாமல் தொழிலுக்குப் போகிறவர்களும் ஒருமாதிரி ஆகிவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

மாமியை ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டால் சரியாகிவிடும் என்கிறான் மச்சான். அதுதான் செய்யக்கூடாத வேலை. பாதியில் பயந்து திரும்பி ஓடிவந்தால், ஓடியதால்தான் தப்பினேன் என்று மூளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பயிற்சி பெற்ற ஆட்கள் படிப்படியாகத்தான் கொண்டுபோவார்கள், அதுவும் அவரே சம்மதித்தால். மாமி இன்னும் சம்மதிக்கவில்லை. கடலுக்குப் போகாததால் அவருக்கு வேறு ஒரு குறையும் இல்லை, கோபமெல்லாம் மச்சானுக்குத்தான்.