ஜன்னல் ஃபிலிம்: ‘97% ஐஆர் ரிஜெக்‌ஷன்’ என்றால் வெயிலில் எவ்வளவு குறையும்?

ஃபிலிம் கடைகளில் முதலில் காட்டுவது ஒரு பெட்டியை. உள்ளே 250 வாட் ஹீட் லேம்ப், அதன் முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகள். வெறும் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தால் சுடும். ஃபிலிம் ஒட்டியதன் பின்னால் சூடே உறைக்காது. ‘97% ஐஆர் ரிஜெக்‌ஷன் சார்!’ ஐஆர் என்றால் அகச்சிவப்புக் கதிர், அதில் 97 சதவீதத்தைத் தடுக்கிறதாம்.

பெட்டியில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்த பல்பு கக்குவதில் பெரும்பகுதி அகச்சிவப்பு. வெயில் அப்படியல்ல. சூரிய ஆற்றலில் அகச்சிவப்பு பாதிக்குச் சற்று மேல், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல், புற ஊதா சொற்பம். வெளிச்சமும் உள்ளே வந்து தரையிலும் சுவரிலும் பட்டால் வெப்பம்தான்.

இன்னொன்று, ‘தடுத்தது’ என்ற சொல்லே வழுக்குகிறது. ஊடுருவாத அகச்சிவப்பை எல்லாம் தடுத்ததாகவே இந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளும். செராமிக் ஃபிலிம் (நுண்ணிய செராமிக் துகள் கலந்தது) அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சுகிறது. கண்ணாடி சூடாகி, உறிஞ்சியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அறைக்குள்ளேயே வந்து சேரும். அந்த 97% எந்த அலைநீளத்தில் அளந்தது என்பதையும் பலர் போடுவதில்லை. 780 முதல் 2500 நானோமீட்டர் வரை முழுக்க அளந்தால் ஒரு எண், 950-ஐச் சுற்றி மட்டும் அளந்தால் வேறொரு எண். கடைக்காரர் கையிலிருக்கும் சின்ன மீட்டர் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

ஃபிலிமின் விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியது எஸ்எச்ஜிசி. ஜன்னலில் விழும் மொத்த வெயிலில், உறிஞ்சி உள்ளே விடுவதையும் சேர்த்து, எத்தனை பங்கு வீட்டுக்குள் வருகிறது என்பதே அது. டிஎஸ்இஆர் அதையே திருப்பிப் போட்டது, உள்ளே வராமல் தடுக்கப்படும் பங்கு: எஸ்எச்ஜிசி 0.43 என்றால் டிஎஸ்இஆர் 57%. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 3 மி.மீ. வெறும் கண்ணாடியின் எஸ்எச்ஜிசியே 0.86 அளவுதான், 14 சதவீதத்தை அதுவே தடுத்துவிடுகிறது. ஆகவே ‘57%’ ஃபிலிம் ஒட்டினால் உங்கள் ஜன்னலில் குறைவது 57 அல்ல, 0.86 பாதியாகி 0.43, அதாவது 50 சதவீதம்.

சென்னையில் மேற்குப் பார்த்த 4×5 அடி ஜன்னலை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1.86 சதுர மீட்டர். மாலை நான்கு மணி வெயிலைச் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தால், வெறும் கண்ணாடி வழியே 960 வாட் வரும். 0.43 ஃபிலிம் ஒட்டினால் 480. ஒரு டன் ஏசி 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால், மிச்சம் ஏழில் ஒரு டன். அதே நேரத்தில் வெளியே 36, உள்ளே 26 டிகிரி என்றால் கண்ணாடி வழியே கடத்தலால் வருவது 110 வாட் சொச்சம்தான். இந்தக் கடத்தலைச் சொல்லும் யூ-வேல்யூ என்ற கட்டத்தை இங்கே பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாம். ஊட்டியில் ஹீட்டர் போடுபவர்கள் பார்க்கட்டும்.

பட்டியலை வாங்கிப் படிக்கும்போது அடிக்குறிப்பையும் படியுங்கள். டிஎஸ்இஆர் பக்கத்தில் ‘60 டிகிரி’ என்றிருந்தால், அது சாய்வாக விழும் வெயிலுக்கான, இயல்பாகவே கூடுதலான எண். பழைய பட்டியல்களில் ஷேடிங் கோஎஃபிஷியன்ட் இருக்கும், 0.87-ஆல் பெருக்கினால் எஸ்எச்ஜிசி கிடைக்கும். இரண்டு ஃபிலிம்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே தடிமன் கண்ணாடியில் அளந்தவையா என்று பாருங்கள். யூவி (புற ஊதா) தடுப்பு 99% என்பதற்காகக் கூடுதல் விலை தர வேண்டாம், ஓரளவு தரமான எல்லா ஃபிலிமிலும் அது உண்டு. மைக்ரான் கணக்கு தடிமனைச் சொல்லும், வெப்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

மிஞ்சுவது விஎல்டி, வெளிச்சம் எவ்வளவு வரும் என்பது. 70% விஎல்டி, 50% டிஎஸ்இஆர் உள்ள செராமிக் வகையில் பகலில் விளக்குப் போட வேண்டியதில்லை. 15-20% விஎல்டி உள்ள வெள்ளி நிற ஃபிலிமில் டிஎஸ்இஆர் 80-ஐ ஒட்டி வரும், விலையும் குறைவு, ஆனால் அறை மங்கும். பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடி போலிருப்பது, இரவில் உள்ளே விளக்கு எரிந்ததும் உங்களுக்குக் கண்ணாடியாகிவிடும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும். வெப்பம் மட்டுமே பிரச்சினை, வெளிச்சம் போனால் போகட்டும் என்றால் வெள்ளியே போதும். செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வெளிச்சத்துக்கான விலை.

கடைசியாக, யாரும் வாய்திறந்து சொல்லாத கட்டம் ஒன்று: சோலார் அப்சார்ப்ஷன், வெயிலில் எத்தனை பங்கை உறிஞ்சுகிறது என்பது. இது அதிகமுள்ள ஃபிலிமைக் கம்பிவலை பதித்த கண்ணாடி, கருநிறக் கண்ணாடி, டபுள் கிளேஸ் ஆகியவற்றில் ஒட்டினால் விரிசல் விடலாம். சன்ஷேட் நிழல் கண்ணாடியின் பாதியில் விழும் இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம்: ஒரு பாதி காய்கிறது, மறுபாதி குளிர்ந்திருக்கிறது. விரிசல் பெரும்பாலும் ஓரத்திலுள்ள சின்ன உடைசலிலிருந்துதான் கிளம்பும். ஒட்டுவதற்கு முன் நான்கு ஓரங்களையும் பாருங்கள். உடைசல் இருந்தால் முதலில் கண்ணாடியை மாற்றுங்கள். டஃபன்ட் (சூடாக்கி வலுவூட்டிய) கண்ணாடி போட்டால் இந்தக் கவலை பெருமளவு தீரும்.