கின்ஸா பாதையை ஒட்டி ஒரு டோக்கியோப் பயணம்

வரும் மே மாதத்தின் நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில் டோக்கியோவில் இறங்கி, ஐந்து இரவுகள் தங்கி, வெள்ளிக்கிழமை புறப்படுவது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், என் கணவர், 9 வயது மகன், 72 வயது அம்மா என நான்கு பேர். அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. சமதரையில் அரை மணி நேரம் நடந்துவிடுவார். படிக்கட்டு என்றால் பத்துப் பன்னிரண்டு படிகளில் நின்றுவிடுவார். முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகனுக்கோ ரயில் என்றால் உயிர். இந்த இருவருக்கும் ஏற்றபடி ஒரு திட்டம் போடுவதற்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பிடித்தன. சிறு பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒன்றாக அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். செர்ரி மலர்கள் டோக்கியோவில் மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கின்றன. அப்போது மகனுக்கு ஆண்டுத் தேர்வு. ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே முதல் வாரம் வரை அங்கே அடுத்தடுத்து விடுமுறைகள் வருவதால், அந்த நாட்டு மக்களே குடும்பத்தோடு பயணம் கிளம்பிவிடுகிறார்கள். அறை வாடகையும் ஏறிவிடுகிறது. ஜூன் மாதத்தில் மழைக்காலம் தொடங்கிவிடும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குள் மீதமிருப்பது மே மாதத்தின் பிற்பாதிதான். அதிலும் மூன்றாவது வார இறுதியில் அசகுசா பகுதியில் சான்ஜா திருவிழா நடக்கிறது. தோளில் சுமந்து வரும் பல்லக்குகளும் மேளதாளமுமாகத் தெருவெல்லாம் நிறையும் அந்த விழாவை அம்மா பார்த்தால் மனம் நிறைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்ட நெரிசலில் அவரை நிறுத்திவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் நான்காவது வாரம்.

என் கணவர் முதலில் போட்ட பட்டியலில் கியோட்டோவும் ஃபூஜி மலையும் டிஸ்னி பூங்காவும் இருந்தன. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம்தானே என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் விடுதியிலிருந்து நிலையம், நிலையத்திலிருந்து கோயில், அங்கிருந்து மறுபடியும் நிலையம் என்று கூட்டிப் பார்த்தால், அந்த நாளில் அம்மா நடக்க வேண்டிய தூரமே ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியது. இரண்டு இரவு யோசித்த பிறகு மூன்றையும் அவரே அடித்துவிட்டார். ஊருக்கு வெளியே போகாததால் ஜப்பான் ரயில் பாஸும் தேவைப்படவில்லை. அதன் ஏழு நாள் சீட்டு 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. நகருக்குள்ளேயே சுற்றுபவர்கள் அதை வாங்கினால் பணம் வீண்.

திட்டத்துக்கு உருவம் கொடுத்தவன் என் மகன்தான். டோக்கியோ சுரங்க ரயில்களின் வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஆரஞ்சு நிறக் கோடு ஒன்றைக் காட்டி, "அம்மா, ஆசியாவிலேயே முதல் சுரங்க ரயில் இதுதான்" என்றான். கின்ஸா பாதை என்று அதற்குப் பெயர். 1927 டிசம்பர் 30 அன்று அசகுசாவுக்கும் உயேனோவுக்கும் இடையே 2.2 கிலோமீட்டர் தூரத்துக்குத் திறக்கப்பட்டது. இன்று அசகுசாவிலிருந்து ஷிபுயா வரை சுமார் 14 கிலோமீட்டர், 19 நிலையங்கள். அவன் வயதுக்கு அது ஒரு செய்தி. எனக்கு அதில் வேறொன்று தென்பட்டது. தெருவை மேலிருந்து தோண்டி, சுரங்கத்தைக் கட்டி, மறுபடி மூடிய பழைய முறையில் அமைந்த பாதை என்பதால், அதன் நடைமேடைகள் பெரும்பாலும் தரைமட்டத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. பிற்காலத்தில் வந்த பாதைகள் ஏற்கெனவே இருந்த சுரங்கங்களுக்கும் கீழே செல்ல வேண்டியிருந்ததால், சில நிலையங்களில் பல மாடி ஆழம் இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. அன்றிரவே, இயன்றவரை இந்த ஒரே பாதையின் ஓரத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். மின்தூக்கி எல்லா வாயில்களிலும் இருப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் அது எந்த வாயிலில் இருக்கிறது என்பதை மகன் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறான்.

தங்குமிடம் உயேனோ. நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் சுமார் 45 நிமிடங்களில் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. அதுவே கடைசி நிலையம் என்பதால் பெட்டிகளோடு பதற்றப்படாமல் இறங்கலாம். ஜப்பானில் பல விடுதிகள் அறைக்கு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகின்றன. அறைகளும் சிறியவை. நால்வர் தங்கும் அறை ஒன்றில் நுண்ணலை அடுப்பும் சிறு சமையல் மேடையும் இருப்பதைக் கண்டதும் வேறு எதையும் பார்க்காமல் பதிவு செய்துவிட்டேன். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட் என்பதால், நம் வீட்டு மின்சாரக் குக்கரையோ கெட்டிலையோ எடுத்துச் சென்றால் ஒழுங்காகச் சூடேறாது.

எந்த நாளில் எந்த இடம் என்பதுதான் உண்மையில் பெரிய புதிராக இருந்தது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகமும் உயேனோ விலங்குக் காட்சிசாலையும் திங்கட்கிழமை விடுமுறை. மகன் கனவு காணும் ரயில் அருங்காட்சியகம், நகருக்கு வடக்கே ஓமியாவில் இருப்பது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆகவே திங்கள் அசகுசா, செவ்வாய் உயேனோ, புதன் ஓமியா, வியாழன் ஷிபுயா என்ற வரிசை தானாகவே அமைந்தது. இன்னொன்றையும் கணக்கில் கொண்டேன். டோக்கியோ நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஆறு மணி என்பது நம் உடம்புக்கு அதிகாலை இரண்டரை. விடியற்காலையில் எழுந்து கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள் என்று எல்லாரும் சொல்லும் யோசனை கிழக்கு நோக்கிப் போகும் நமக்குப் பொருந்தாது. நாங்கள் பத்து மணிக்குத்தான் கிளம்பப்போகிறோம். அலுவலகம் செல்வோரின் நெரிசலும் அதற்குள் குறைந்துவிடும்.

அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு மாலையில் போகிறோம். கி.பி. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய சகோதரர் இருவருக்குக் கன்னோன் சிலை ஒன்று கிடைத்ததாக அத்தல வரலாறு கூறுகிறது. கன்னோன் என்பது நாம் அவலோகிதேசுவரர் என்று அறிந்த போதிசத்துவர். அந்தச் சிலை யாருக்கும் காட்டப்படுவதில்லை. மூடிய சன்னிதியை நோக்கியே வணங்க வேண்டும். நேரில் போய் ஏமாற்றம் அடையக் கூடாதே என்று அம்மாவிடம் இதை முன்பே சொன்னேன். "அவர் நம்மைப் பார்த்தால் போதும்" என்று மட்டும் சொன்னார். 1945 வான்தாக்குதலில் எரிந்த முதன்மைக் கூடம் 1958இல் மீண்டும் கட்டப்பட்டது. ஐந்து மணிக்குக் கூடம் மூடப்படும் என்பதால் நான்கு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். பிறகு வெளியே அமர்ந்து விளக்கேற்றும் வரை இருக்கலாம். ஆற்றுக்கு அப்பால் 634 மீட்டர் உயரத்தில் ஸ்கைட்ரீ கோபுரம் தெரியும். ஆறு, மூன்று, நான்கு என்பதை ஜப்பானிய ஒலியில் சேர்த்தால் முசாஷி என்று வரும். அது இந்தப் பகுதியின் பழைய பெயர். மேலே ஏறும் திட்டமில்லை.

செவ்வாய்க்கிழமைக்காகத்தான் நான் மிகவும் காத்திருக்கிறேன். உயேனோ பூங்காவுக்குள் ஷினோபாசு என்ற தாமரைக் குளம் இருக்கிறது. குளத்தின் நடுவே தீவு போன்ற திட்டில் பென்தென்தோ கோயில். அங்கே வீற்றிருக்கும் பென்சைட்டென் நம் சரசுவதியே. பௌத்தத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்குப் போனவள், பல இடங்களில் வீணைக்குப் பதிலாகப் பிவா என்ற நரம்புக் கருவியைக் கையில் ஏந்தியிருக்கிறாள். நீர்நிலைகளின் அருகே குடியிருக்கிறாள். ஆற்றின் பெயர் கொண்டவள் அத்தனை தொலைவு போயும் தண்ணீரை விடவில்லை என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. மே மாதத்தில் தாமரை பூத்திருக்காது. ஜூலை, ஆகஸ்டில்தான் மலரும். இலைகளை மட்டுமே பார்ப்போம். அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு, 70 வயதைக் கடந்தோருக்கும் 18 வயதுக்குக் குறைந்தோருக்கும் கட்டணம் இல்லை. அம்மாவின் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மாலையில் மகனுக்காக ஓர் இடம்: கின்ஸா பாதையின் பணிமனை உயேனோவில் இருக்கிறது, அதன் வாயிலில் சுரங்க ரயில் தெருவைக் கடக்கும் ஒரு லெவல் கிராசிங் உண்டு. ஜப்பான் சுரங்க ரயில்களில் இப்படி வேறெங்கும் இல்லை.

புதனன்று தந்தையும் மகனும் ஓமியா போவார்கள். அம்மாவும் நானும் ஓய்வு. வியாழனன்று பாதையின் மறுமுனைக்குப் போகிறோம். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு என்பதால், நிலத்தடியில் வந்த ரயில் அங்கே தெருவுக்கு மேலே, மூன்றாம் தளத்தில் போய் நிற்கிறது. இறந்துபோன எஜமானருக்காகப் பல ஆண்டுகள் நிலைய வாசலில் காத்திருந்த ஹாச்சிகோ நாயின் சிலையும் அங்கேதான். மெய்ஜி ஆலயத்தைப் பற்றி மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. 1920இல் நிறுவப்பட்டபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கிய காடு அது. பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய. ஆனால் வழியெல்லாம் சரளைக் கல். அன்று காலை அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் செய்வேன்.

உணவு விஷயத்தில் ஏமாறுவது எளிது. காய்கறி மட்டும் மிதக்கும் குழம்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் 'தாஷி' இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த மீனை ஊறவைத்து எடுத்த சாறு. எனவே "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டை அம்மாவின் கைப்பையில் வைத்திருக்கிறேன். இரவு உணவு அறையிலேதான். சூடாக்கினால் போதும் என்ற நிலையில் வெள்ளைச் சோறு கடைகளில் கிடைக்கிறது, சர்க்கரை சேர்க்காத தயிரும் கிடைக்கிறது. சற்றே ஒட்டும் அந்த அரிசி தயிர்சாதத்துக்கு நன்றாகவே பொருந்தும் என்று நம்புகிறேன். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இங்கிருந்து போகின்றன. பச்சைக் கறிவேப்பிலையை எடுத்துச் செல்லக் கூடாது. தாவரங்களுக்கான கட்டுப்பாடு கடுமையானது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளுக்கு மட்டுமே வருகின்றன, மருந்துச் சீட்டோடு. சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரைகளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பல அங்கே தடை செய்யப்பட்டவை.

விசா விண்ணப்பத்தோடு நாள்வாரியான பயண அட்டவணையும் தர வேண்டும் என்பதால், இந்தத் திட்டத்தையே ஒரு தாளில் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். அதில் கடைசி நாளுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தேன். ஸ்கைலைனர் புறப்படும் நிலையம் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. பெட்டிகளை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு எதிரே பேனாவால் "சரசுவதி, இன்னொரு தடவை" என்று எழுதிக் கொடுத்தார்.