செங்குத்துச் சரிவில் டெக்ஸ்ச்சர் இழுபட்டால்: சைட் மாடல் செய்யும் கட்டடக்கலை மாணவர்களுக்கு

மலைச்சரிவில் மனை அமைந்துவிட்டால் மாடலில் முதலில் கெடுவது தரைதான். கட்டடம் நேர்த்தியாக நிற்கும். அதன் பின்னால் வெட்டிய மண்மேட்டில் புல் டெக்ஸ்ச்சர் (பரப்பின்மேல் ஒட்டும் படம்) மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வழிந்திருக்கும். பலர் உடனே இன்னும் பெரிய படமாகத் தேடிப் போடுகிறார்கள். அதனால் பயனில்லை. கோளாறு படத்தில் இல்லை. படம் எந்தத் திசையிலிருந்து தரைமேல் விழுகிறது என்பதில் இருக்கிறது.

எதையும் திருத்துவதற்கு முன் 1 மீட்டர் கட்டம் போட்ட செக்கர் படம் ஒன்றைத் தரை முழுக்கப் பூசிப் பாருங்கள். புல்லிலும் பாறையிலும் மறைந்துபோகும் தவறு கட்டத்தில் மறையாது. ஸ்கெட்ச்அப் என்ற 3டி மாடலிங் மென்பொருளில் இரண்டு விதமான கோளாறுகள் வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. கட்டங்கள் ஒவ்வொரு முக்கோணத்திலும் வேறு வேறு பக்கம் திரும்பி ஒட்டுத்துணி போலத் தெரிந்தால், டெக்ஸ்ச்சர் ஒவ்வொரு ஃபேஸிலும் (தட்டைப் பரப்பிலும்) தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கட்டங்கள் தொடர்ச்சியாக இருந்து, சரிவில் மட்டும் நீள்செவ்வகமாக நீண்டிருந்தால் அது ப்ரொஜெக்ஷன் இழுவை, அதாவது படம் ஒரே திசையிலிருந்து விழுவதால் வரும் நீட்சி.

முதல் கோளாறு பெரும்பாலும் தரை குரூப்பை (ஒன்றாகக் கட்டிய தொகுதியை) வெளியிலிருந்தே பூசுவதால் வருகிறது. குரூப்பைத் திறந்து உள்ளே போங்கள். தரைக்கு மேலே, அதைத் தொடாமல், கிடைமட்டமாக ஒரு செவ்வகம் வரையுங்கள். அதில் டெக்ஸ்ச்சரைப் பூசி, ரைட் கிளிக்கில் டெக்ஸ்ச்சர், அடுத்து ப்ரொஜெக்டட் என்பதை டிக் செய்யுங்கள். பெயின்ட் பக்கெட்டில் ஆல்ட் விசையை (மேக்கில் கமாண்ட்) அழுத்தியபடி அந்தச் செவ்வகத்தைச் சொடுக்கி மாதிரி எடுங்கள். பிறகு ஹிடன் ஜியோமெட்ரியை (மறைந்த விளிம்புகளைக் காட்டும் அமைப்பை) அணைத்துவிட்டுத் தரையைச் சொடுக்குங்கள். மென்மையாக்கிய பரப்பு முழுவதும் ஒரே தொடர்ச்சியாகப் பூசப்படும். செவ்வகத்தைக் குரூப்புக்கு உள்ளேயே வரைவது முக்கியம். உள்ளேயே வரைந்தால் மாதிரி எடுபடவில்லை என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

இதோடு ஒட்டுத்துணி போய்விடும், இழுவை வந்துவிடும். காரணம் எளிய முக்கோணவியல். மேலிருந்து நேராக விழும் படம் சரிவின் நீளவாக்கில் 1/cos θ மடங்கு நீள்கிறது (θ என்பது சரிவின் கோணம்). 30 டிகிரியில் 1.15 மடங்கு, கண்ணுக்கே தெரியாது. 45-இல் 1.41, புல்லாக இருந்தால் தப்பித்துவிடலாம். 60-இல் 2 மடங்கு. 75-இல் 3.86, 80-இல் 5.76. ஆகவே முழுத் தரையையும் திருத்த உட்காராதீர்கள். 45 டிகிரிக்குக் குறைவான பகுதிகளை அப்படியே விட்டுவிட்டு, அதைத் தாண்டும் இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடங்களுக்குப் படத்தை வேறு திசையிலிருந்து அனுப்ப வேண்டும். சரிவுக்கு எதிரே செங்குத்தாக ஒரு செவ்வகம் நிறுத்தி அதிலிருந்து மாதிரி எடுக்கலாம் என்றுதான் பொதுவாகச் சொல்லித் தருவார்கள். 80 டிகிரி வெட்டுக்கு அது போதும். ஆனால் 55 டிகிரிச் சரிவுக்குச் செங்குத்துத் தளம் 35 டிகிரி விலகி நிற்கும், இழுவை 1.22 மடங்கு இருக்கும். செவ்வகத்தையே சரிவின் சராசரிக் கோணத்துக்குச் சாய்த்துவிடுங்கள். கணக்கில் வருவது தளத்துக்கும் ஃபேஸுக்கும் இடையிலான கோணம் மட்டுமே. அது 10 டிகிரிக்குள் இருந்தால் இழுவை 1.02-ஐத் தாண்டாது. சரிவு வளைந்து போனால் திசை மாறும் இடங்களில் பிரித்து இரண்டு, மூன்று தளங்கள் வைத்துக்கொள்ளலாம்.

பூசும்போது ஹிடன் ஜியோமெட்ரியை இயக்கி, செங்குத்தான முக்கோணங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு அவற்றில் ஒன்றைச் சொடுக்கினால் தேர்ந்தெடுத்தவை எல்லாம் பூசப்படும். இரண்டு டெக்ஸ்ச்சரும் சேரும் கோடு முக்கோண விளிம்பில் ரம்பப்பல் போலத் தெரியும். அதை வெட்டின் மேல்விளிம்பிலோ அடியில் ஓடும் வடிகாலிலோ விழ வையுங்கள். நிஜத்திலும் புல் முடிந்து மண் தொடங்குவது அங்கேதான், பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தாது.

சில இடங்களில் டெக்ஸ்ச்சரைத் தொடவே கூடாது. மாடலையே மாற்ற வேண்டும். ஸ்டாம்ப் கருவியால் கட்டடத்துக்குத் தளம் பதிக்கும்போது ஆஃப்செட் (தளத்தைச் சுற்றிச் சரிவுக்கு விடும் அகலம்) 0.5 மீட்டர், உயர வேறுபாடு 3 மீட்டர் என்றால் சுற்றிலும் 80 டிகிரிக்கு மேல் ஒரு மண்சுவர் உருவாகும், இழுவை 6 மடங்கு. அப்படி ஒரு மண்சுவர் நிஜத்தில் நிற்காது. அங்கே வர வேண்டியது தாங்குசுவர். அதைத் தனிக் குரூப்பாகக் கட்டி, கருங்கல் டெக்ஸ்ச்சரை அதற்கே உரிய அளவில் பூசுங்கள். ஜூரியில் இது டெக்ஸ்ச்சர் திருத்தமாக அல்ல, வடிவமைப்பாக மதிக்கப்படும். சரிவாகவே விட நினைத்தால் ஆஃப்செட்டைக் கூட்டுங்கள்: 3 மீட்டருக்கு 3 மீட்டர் கொடுத்தால் 45 டிகிரி.

சமவுயரக் கோடுகளிலிருந்து தரை செய்யும் ஃப்ரம் கான்டூர்ஸ் கருவி உருவாக்கும் மெஷ்ஷில் (முக்கோண வலையில்) ஊசி போன்ற மெல்லிய முக்கோணங்கள் இருந்தாலும் டெக்ஸ்ச்சர் ஆங்காங்கே உடைந்ததுபோல் தோன்றும். ஃப்ளிப் எட்ஜ் கருவியால் அந்த விளிம்புகளைத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்வே கோப்பு தொலைதூர ஆயங்களோடு வந்திருந்தால், மாடலை ஆதிப்புள்ளிக்கு அருகே நகர்த்திய பிறகே இதையெல்லாம் தொடங்குங்கள். தொலைவில் கிடக்கும் மாடலில் பரப்புகள் நடுங்கும், வெட்டுப்பட்டுத் தெரியும்.

செயற்கைக்கோள் படம் போட்ட தரைக்கு மேலே சொன்ன எந்தத் திசைமாற்றமும் உதவாது. மேலிருந்து எடுத்த படத்தில் செங்குத்துப் பாறையின் முகம் பதிவாகியிருக்காது. 0.5 மீட்டர் பிக்சல் ஒன்று 75 டிகிரிச் சரிவில் கிட்டத்தட்ட 2 மீட்டரை மூட வேண்டியிருக்கும். அந்தப் பகுதிக்கு வேறு பாறை டெக்ஸ்ச்சர்தான் வழி. நிறத்தைப் பக்கத்துப் படத்திலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ரெண்டரை (இறுதிப் படத்தை) பிளெண்டர் மென்பொருளில் எடுப்பதென்றால் வேலை மிகவும் குறையும். இமேஜ் டெக்ஸ்ச்சர் நோடில் (மெட்டீரியலை அமைக்கும் பெட்டிகளில் ஒன்று) ஃப்ளாட் என்பதை பாக்ஸ் என்று மாற்றி, பிளெண்ட் 0.2 முதல் 0.3 வரை வையுங்கள். டெக்ஸ்ச்சர் கோஆர்டினேட்டில் ஆப்ஜெக்ட் வெளியீட்டை எடுங்கள். படம் இப்போது மூன்று திசைகளிலிருந்தும் விழும். அதற்கு முன் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யாவிட்டால் அளவு தப்பும். படம் ஒருமுறை 4 மீட்டருக்கு விரிய வேண்டுமென்றால் மேப்பிங் ஸ்கேல் 0.25. வி-ரே ரெண்டர் மென்பொருளில் இதே வேலையை ட்ரைபிளேனர் டெக்ஸ்ச்சர் செய்கிறது.

புல்லையும் பாறையையும் சரிவைப் பார்த்துத் தானாகப் பிரிக்க, ஜியோமெட்ரி நோடின் நார்மலை (பரப்பு நோக்கும் திசையை) செபரேட் எக்ஸ்ஒய்இசட்டில் கொடுத்து இசட் மதிப்பை கலர் ராம்ப்புக்கு அனுப்புங்கள். அந்த மதிப்பு சரிவுக் கோணத்தின் cos தான்: 35 டிகிரிக்கு 0.82, 45-க்கு 0.71, 60-க்கு 0.5. ராம்ப்பின் இரு முனைகளை 0.6, 0.8 என்று வைத்தால் சுமார் 37 முதல் 53 டிகிரிக்குள் புல் மெல்லப் பாறையாக மாறும். ரம்பப்பல் பிரச்சினையும் இங்கே வராது.

பாக்ஸ் முறையில் ஒரு கவனம் தேவை. டேன்ஜென்ட் வகை நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படம்) யுவி-ஐ, அதாவது படம் பரப்பில் எங்கே உட்காரும் என்ற ஆயங்களைச் சார்ந்தது, அதனால் பாறையின் மேடுபள்ளம் தவறான பக்கம் நிழல் காட்டும். அதற்குப் பதில் உயரத்தைக் காட்டும் ஹைட் (height) படத்தை பம்ப் நோட் வழியாகக் கொடுங்கள்.

பறவைப் பார்வையில் மட்டும் பார்த்து முடித்துவிடாமல், 1.6 மீட்டர் கண் உயரத்தில் கேமராவை வைத்து, சரிவின் அடியில் ஒரு மனித உருவை நிறுத்தி ஒரு சோதனை ரெண்டர் எடுங்கள். பாறையின் ஒரு கல் அந்த ஆளைவிடப் பெரிதாகத் தெரிந்தால் திசை சரி, அளவுதான் தவறு. மெட்டீரியலின் அகலத்தைக் குறையுங்கள்.