ஒரு நொடி பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

மற்ற மெஷின்களுக்கெல்லாம் நேரம் சொல்லும் எங்கள் நேர சர்வர்களில் ஒன்று இரவு 2:41க்கு மறுபடியும் ஒரு நொடி பின்னால் போயிற்று. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தது, அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. யாரும் கை வைக்கவில்லை.

சரியாக ஒரு நொடி. 0.9 இல்லை, 1.1 இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 4, புதன்

டேட்டாபேஸ் ஆட்கள் மெஷின்களின் லாக், அதாவது எது எப்போது நடந்தது என்ற பதிவு, அனுப்பியிருந்தார்கள். ஒரு மெஷினிலிருந்து கேள்வி கிளம்பிய நேரம் 02:39:15. மற்ற மெஷினிலிருந்து பதில் கிளம்பிய நேரம் 02:39:14. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. எது முதலில் நடந்தது என்று என்னைக் கேட்கிறார்கள்.

இரண்டு நேர சர்வர்களையும் கேட்கிற மெஷின்கள் இன்னும் மோசம். ஜிபிஎஸ் வைத்திருக்கிற முதல் சர்வர் ஒன்று சொல்கிறது, வெளியிலிருந்து நேரம் வாங்குகிற இரண்டாவது வேறொன்று சொல்கிறது. மெஷினின் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற மென்பொருள் 'பெரும்பான்மை இல்லை' என்று லாகில் எழுதிவிட்டு இரண்டையும் ஒதுக்கிவிடுகிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. இருப்பதே இரண்டு சாட்சி, ஆளுக்கொன்று சொன்னால் யாரை நம்புவது? மூன்றாவது சர்வர் வேண்டும், நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் பிழைக்கலாம் என்று எத்தனை முறைதான் எழுதுவது.

இன்று 2:37.

மார்ச் 5, வியாழன்

2:33.

மார்ச் 6, வெள்ளி

தினமும் நாலு நிமிடம் முன்னால் வருகிறது. கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) என்றால் ஒரே நேரத்துக்கு ஓடும். பேக்கப் என்றால் தாமதமாகும், சீக்கிரம் வராது. மனிதர்கள் அமைத்து வைத்த எதுவும் இப்படி ஒழுங்காக முன்னால் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம். லீப் நொடியாக (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி) இருக்குமோ என்றார் ஒருவர். கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31இல் சேர்ந்தது. அதிலிருந்து ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரமான யூடிசிக்கும் வித்தியாசம் 18 நொடி, அசையாமல் நிற்கிறது. அது தப்பினால் நாள் முழுக்கத் தப்ப வேண்டும். நெட்வொர்க் தாமதம் என்றார் இன்னொருவர். போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் பிழையாக வரும். ஒரு நொடி தப்ப 2 நொடி வித்தியாசம் வேண்டும். அப்படி ஒரு நெட்வொர்க் இருந்திருந்தால் கட்டடமே கூப்பாடு போட்டிருக்கும். மெஷினின் கடிகாரத்தை ஓட்டும் கிரிஸ்டல் கெட்டிருக்குமோ? 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தப்பினாலும் ஒரு நாளைக்கு 0.86 நொடிதான் விலகும். இதுவோ கண்ணெதிரே விழுகிறது.

மதர்போர்டு பேட்டரி என்றவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

"ஒரு நொடிதானே" என்று முடித்தார்கள்.

மார்ச் 7, சனி

தூக்கமில்லை. தலைவலி.

மார்ச் 8, ஞாயிறு, விடியற்காலை

நட்சத்திரங்கள்! நட்சத்திரம்தான் தினமும் நாலு நிமிடம் முன்னால் உதிக்கும். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி. அதற்குள் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் ஏறக்குறைய இரண்டு முறை பூமியைச் சுற்றி வந்துவிடும். ஆகவே இன்று தலைக்கு மேல் இருக்கிற அதே அணிவகுப்பு நாளைக்கு நாலு நிமிடம் முன்பே வந்து நிற்கும். கோளாறு வானத்தைப் பார்த்து நடக்கிறது, கடிகாரத்தைப் பார்த்து அல்ல.

2:10க்கே ஜிபிஎஸ் ரிசீவர் தகவல் அனுப்பும் சீரியல் போர்ட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு நொடியும் கண்ணில் படும் செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி இரண்டு வரி, அப்புறம் நேரத்தைச் சொல்லும் ஆர்எம்சி ஒரு வரி. மற்ற வரிகளெல்லாம் முன்பே அணைத்திருக்கிறது. எங்கள் அமைப்பில் நேரம் எடுப்பது ஆர்எம்சியிலிருந்து. வேகம் 4800 பாட், அதாவது நொடிக்கு 480 எழுத்து. ஆர்எம்சி வந்து முடிய 0.44 நொடி.

2:21க்கு ஒன்பதாவது செயற்கைக்கோள் தலை காட்டியது. ஒரு ஜிஎஸ்வி வரியில் நாலு செயற்கைக்கோள்தான் அடங்கும். மூன்றாவது வரி முளைத்தது. ஆர்எம்சி அரை நொடியைத் தாண்டித் தள்ளிப்போனது. அடுத்த திரையில் நேர விலகலைக் காட்டும் கோடு ஒரு நொடி கீழே விழுந்தது.

ரிசீவர் நொடிக்கொரு முறை அனுப்பும் மின்துடிப்பு, ஒரு நொடி எங்கே தொடங்குகிறது என்று மைக்ரோ நொடிக் கணக்கில் சொல்லும். ஆனால் அது எந்த நொடி என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது ஆர்எம்சி. அந்த வரி அரை நொடி தாண்டி வந்தால் பக்கத்தில் இருப்பது அடுத்த துடிப்பு. அதன்மேல் போன நொடியின் நேரம் ஒட்டிக்கொள்கிறது. சர்வரோ ஸ்ட்ராட்டம் 1 (நேரத்தின் மூலத்தோடு நேரடித் தொடர்பு), ரீச் 377 (கடைசி எட்டு முறையும் பதில் வந்தது), விலகல் மைக்ரோ நொடிகளில் என்று துளியும் சந்தேகமில்லாமல் காட்டுகிறது. எல்லாம் பச்சை.

வானம் மிக நன்றாகத் தெரிகிற நேரத்தில்தான் நேரம் தவறுகிறது. ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் வைக்கலாம் என்று வேறு பேசிக்கொண்டிருந்தோம்! வைத்திருந்தால் நாள் முழுக்கத் தவறியிருக்கும்.

மார்ச் 9, திங்கள்

மாற்றத்துக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டேன்: ஜிஎஸ்வியை அணைக்க வேண்டும், வேகத்தை 9600 ஆக்க வேண்டும். வெள்ளிக்கு முன் வராதாம்.

மறுபடியும் "ஒரு நொடிதானே". 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேர சர்வர்கள் 2000ஆம் ஆண்டைக் காட்டின. அது பெரிய பிழை, உடனே கண்ணில் படும். வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினால் என்டிபிடி (குரோனி போல இன்னொரு நேர மென்பொருள்) வழக்கமாக நின்றேவிடும். ஒரு நொடி தப்பினால் எந்த மணியும் அடிக்காது, நல்ல பிள்ளையாக எல்லா மெஷினும் பின்னாலேயே போகும். எனக்கு இதுதான் பயம்.

மார்ச் 10, செவ்வாய்

2:13. தெரிந்தே விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எரிச்சல்.

மார்ச் 13, வெள்ளி

அனுமதி வந்தது. மாலையே மாற்றியாயிற்று. ஆர்எம்சி 0.07 நொடியில் வந்துவிடுகிறது.

மார்ச் 14, சனி

1:57. ஒன்பது செயற்கைக்கோள், அப்புறம் பத்து. கோடு அசையவில்லை. 2:45 வரை பார்த்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது சர்வர் கேட்டு எழுதியதற்குப் பதில்: "இப்போதுதான் சரியாகிவிட்டதே."

மார்ச் 17, செவ்வாய்

இன்னொரு கிளையிலும் இதே ரிசீவர்தான். அங்கே அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு சர்வர், ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கிடையாது. வேகம் என்ன, எந்தெந்த வரி வருகிறது என்று கேட்டிருக்கிறேன். எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.