மாமியார் வீட்டு மூதாதையரைத் தேடி

என் மனைவியின் அம்மா வழிக் குடும்பம் ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது. கத்தோலிக்க விவசாயக் குடும்பம். அந்தக் கிளையைத்தான் தேட ஆரம்பித்தேன். ஜெர்மன் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தால் பிரயோஜனம் இல்லை. ஊர் தெரிய வேண்டும், அந்த ஊர் எந்தப் பங்கில், அதாவது எந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள், இருந்தது என்றும் தெரிய வேண்டும். பதிவேடுகள் அப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன.

எங்களுக்கு ஊர் கிடைத்தது ஒரு கசப்பான இடத்திலிருந்து. மாமியாரின் அலமாரியில் அவருடைய அப்பாவின் 'ஆனன்பாஸ்' இருந்தது. யூத வழி வந்தவர் இல்லை என்று காட்டுவதற்காக நாஜி ஆட்சிக் காலத்தில் மக்கள் நிரப்பி வைத்த சிறு புத்தகம் அது. முன்னோரின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பாதிரியாரோ பதிவாளரோ முத்திரை குத்தியிருப்பார். எதற்காக உண்டான புத்தகம் என்று தெரிந்தவர் என்பதால் மாமியாருக்கு அதை வெளியே எடுக்கவே மனமில்லை. ஆனால் பங்கின் பெயர் அதில்தான் இருந்தது.

மூன்ஸ்டர்லாந்து அன்று பிரஷ்யா அரசில் இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவது அங்கே 1874 அக்டோபரில் தொடங்கியது. ஜெர்மன் பேரரசு முழுக்க 1876 ஜனவரியில். பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 கழிந்த பிறகே காப்பகத்துக்கு வரும். அதற்குள் வேண்டுமென்றால் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டும், எனவே விண்ணப்பத்தில் கையெழுத்து மனைவியுடையது. நான் இறப்புப் பதிவிலிருந்தே தொடங்கச் சொல்வேன். சீக்கிரம் கைக்கு வரும், பழைய பிரஷ்யப் படிவத்தில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் இருக்கும்.

1874-க்கு முன்னால் போனால் தேவாலயப் பதிவேடுகள்தான். மூன்ஸ்டர் மறைமாவட்டத்தின் பழைய ஏடுகளை 'மாட்ரிகுலா' தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புராட்டஸ்டன்ட் குடும்பம் என்றால் 'ஆர்கியோன்', அது கட்டணத் தளம். பெயரைத் தட்டினால் வந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஜெர்மன் மொழிப் பதிவுகள் 'குரென்ட்' என்ற பழைய கையெழுத்தில் இருக்கும், பல எழுத்துகள் ஒன்றுபோலவே தெரியும். அதைவிடப் பாதிரியார் லத்தீனில் எழுதிய ஏடுகள் எனக்குச் சுலபமாக இருந்தன. ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மாதத்தில் மட்டும் கவனம் வேண்டும்: 7 போட்டுப் பக்கத்தில் 'பிரிஸ்' (7bris) என்று இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர்; லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

அப்புறம்தான் பெரிய முட்டு. திருமணப் பதிவில் ஒரு குடும்பப் பெயரோடு இருந்தவர், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் வேறு பெயரோடு நிற்கிறார். மனைவி அதே பெண், ஊரும் அதே ஊர். உள்ளூர் வம்சாவளி ஆர்வலர்கள் மாதம் ஒருமுறை கூடும் இடத்துக்கு இதைக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஒரு பெரியவர் ஏட்டைப் பார்க்காமலே சிரித்தார். இந்தப் பகுதியில் பெயர் ஆளுக்குச் சொந்தமில்லையாம், பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவர் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வார். நம் ஊர் வீட்டோடு மாப்பிள்ளையைவிட ஒரு படி மேல்! பாதிரியார் சில இடங்களில் இரண்டு பெயரையும் எழுதி நடுவில் 'கெனான்ட்' ('என்று அழைக்கப்படுபவர்') என்று போட்டிருப்பார். சில இடங்களில் அதுவும் இல்லை. ஆகவே அங்கே ஒரே குடும்பப் பெயர் உள்ள இருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு பெயரும் இருக்கலாம். பண்ணையைப் பிடித்துக்கொண்டு போன பிறகு வரிசை தானாக நேரானது.

அந்தக் குழுவில் கேட்டால் எதையும் தருவார்கள், ஆனால் ஆதாரம் இல்லாத தேதியை மதிக்க மாட்டார்கள். எந்தப் பங்கு, எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதச் சொன்னார்கள். எண் போடுவதற்கும் முறை உண்டு: தேடலின் தொடக்க நபர் 1, அவர் அப்பா 2, அம்மா 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. வம்சாவளித் தகவலைப் பரிமாறிக்கொள்ள உதவும் 'கெட்காம்' கோப்பாக மாற்றிக் கொடுக்கும் முன், உயிரோடு இருப்பவர்களை எல்லாம் நீக்கினேன். மாமியாரின் தம்பிக்குத் தன் பிறந்த தேதி வெளியே போவதில் விருப்பமில்லை, நியாயம்தானே.

கோப்பைப் பார்த்துவிட்டு அமெரிக்காவில் இருக்கும் ஒரு தூரத்து உறவு எழுதினார். அவருடைய வம்ச மரத்தில் எங்கள் மூதாதையர் ஒருவரின் பிறப்பு சில ஆண்டுகள் முன்னால் இருந்தது. அந்தப் பெயரில் முதலில் பிறந்த குழந்தை இறந்துபோனதால், அடுத்து வந்ததற்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இது சகஜம். அடக்கப் பதிவின் பக்கத்தை அனுப்பினேன், அவர் திருத்திக்கொண்டார்.

எங்கள் பங்கின் ஏடுகள் முப்பதாண்டுப் போருக்குப் (1618–48) பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் பண்ணையை ஆண்ட நிலவுடைமையாளரின் கணக்குகள்தான் கதி. அங்கே பல விவசாயிகள் நிலவுடைமையாளருக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்கள் கொடுத்த வரியும் செலுத்திய தொகையும் அந்தக் கணக்கில் இருக்கும். மூன்ஸ்டரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் எந்த ஆவணக் கட்டைக் கேட்பது என்று அந்தப் பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.